நர்ஸம்மா காட்டில் நான் செய்த வேலை

அமுலு அக்கா அருவாளோடு என் எதிரில் நின்றிருந்தார். இடுப்பில் தாம்புக் கயிறு சுற்றியிருந்தது. காலை ஏழு மணி இருக்கும். புயல் அடித்துப் பல நாள் ஆகியும் ஏரிக்கரையில் இலை அழுகிய வாடை போகவில்லை.

"எதை வெட்டட்டும்னு நீயே கையக் காட்டு தேசப்பா," என்றார். "அப்பால, உன் தங்கச்சி மரத்தக் கண்டமேனிக்கு வெட்டிட்டேன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரியக் கூடாது."

நான் காட்டைப் பார்த்தேன். இந்தப் பக்கம் வேம்பு, நடுவில் நாவல், ஓரத்தில் ஈச்சம் புதர், கடைசியில் ஒற்றைப் பனை. தரையில் ஒரு சுள்ளி கிடையாது. அக்காவுக்கு முன்னால் பதினாறு குடும்பங்கள் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தன. இனி வெட்டுவதென்றால் நிற்கிற மரத்தைத்தான் வெட்ட வேண்டும்.

அந்த மரங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அக்காவை அருவாளோடு அங்கே வரவழைத்ததும் நான்தான். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்தான் என்று கேட்பீர்கள். எனக்கும் அதேதான் கேள்வி.

பழுது இல்லாத இடத்தில் மெக்கானிக்

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கோட்டைக்குப்பத்தில் போட் எஞ்சின் மெக்கானிக். முன்னே ஏரியிலும் கடலிலும் தொழில் செய்தேன். முட்டி போனபிறகு ஷெட்டில் உட்கார்ந்துவிட்டேன். எதையாவது பார்த்தால் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும். சும்மா ஓடுகிற மின்விசிறியையும் விட மாட்டேன் என்று என் மனைவி கஸ்தூரி சொல்வாள். பொய் இல்லை. எங்கள் வீட்டு மின்விசிறி இப்போது ஓடுவதில்லை.

என் தங்கை நிர்மலா நர்ஸ். சென்னையில் படித்து, இங்கிலாந்துக்குப் போய், அங்கே வயதானவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். சில வருடங்களுக்கு முன்னால் வந்தபோது, குப்பத்திலிருந்து ஏரிக்கரையோடு கால்மணி நடந்தால் வரும் ஒரு புதர்க்காட்டை வாங்கினாள். சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவருடைய இடம். இரண்டு ஏக்கர் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத இடம்.

வீடு கட்டப் போகிறாள் என்று நினைத்தேன். மோட்டார் எங்கே, தொட்டி எங்கே என்று மனசுக்குள் பிளான்கூடப் போட்டுவிட்டேன்.

"வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்ணா. அப்படியே விட்டுடு," என்றாள்.

"அப்படியே விடறதுக்கு இன்னாத்துக்கு வாங்கின?"

"விடறதுக்குத்தான் வாங்கினேன்."

எனக்கு இது விளங்கவில்லை. ஊருக்கும் விளங்கவில்லை. 'நர்ஸம்மா காடு' என்று பேர் வைத்துவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மழைக்கோட்டுக் கிழவர்கள்

அவள் இருக்கும் ஊரில் சின்னதாக ஒரு காடு இருக்கிறதாம். நடந்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு பீடி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்த்துக்கொள்ளும் கூட்டத்தோடு இவளும் போவாள். ஒரு தடவை வீடியோ போட்டுக் காட்டினாள்.

நாலு கிழவர், மூன்று கிழவிகள், எல்லாரும் மழைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து பாசி பிடித்துக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்களே தவிர, யாரும் தொடவில்லை.

"அது வுழுந்து எவ்ளோ நாளாச்சு?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே வுழுந்தது."

"ஒரு ரம்பம் கெடைக்கலயா உங்களுக்கு?"

அவள் சிரித்தாள். செத்த மரத்தில்தான் வண்டும் காளானும் வாழும், அதைத் தேடிப் பறவை வரும், பறவை கொண்டுவந்து போடும் விதையில் அடுத்த மரம் வரும், நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும் என்று சொன்னாள். எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. போனை வைத்ததும் புரியாமல் போய்விட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எதற்கு ஏழு பேர்?

எனக்கு அவள் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. காட்டு முனையில் ஒரு எல்லைக்கல் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கல்மேல் ஏறி நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எப்போதும் அதே கல், அதே திசை. இல்லத்தில் வேலை முடித்து வந்து, பழைய போட்டோவையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாளாம். 'அந்த நாவக்கன்னு தோள் ஒசரம் வந்துடுச்சு பாத்தியா' என்று எழுதுவாள். நான் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே வந்திருக்கும். தினமும் அந்த வழியாகப் போகிற எனக்கு அது தெரிந்திருக்காது.

வேலிகாத்தான் மட்டும்

ஒரு கோடையில் அவளே போன் செய்து, "வேலிகாத்தான மட்டும் எடுத்துடுணா," என்றாள்.

சீமைக் கருவேலத்தைத்தான் எங்கள் பக்கம் வேலிகாத்தான் என்போம். காட்டின் கிழக்கு ஓரம் முழுக்க அதுதான்.

"ஒண்ணும் பண்ணாதன்னியே?"

"இது வேற. வெளியேர்ந்து வந்தது எல்லாத்தயும் அமுக்கிடும். இங்க எங்க காட்டுலயும் ஊதாப் பூ பூக்கற ஒரு புதர் கீது, அத மட்டும் புடுங்குவோம். கொஞ்சம் கொஞ்சமா எடு. வருசத்துக்கு ஒரு ஓரம்."

கொஞ்சம் கொஞ்சமா என்பது என் காதில் ஏறவில்லை. இரண்டு வருடமாகக் கை அரித்துக்கொண்டிருந்தவன் நான். ஜேசிபி வைத்து இரண்டே நாளில் கிழக்கு ஓரத்தை வேரோடு வழித்துவிட்டேன். மணல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். கல்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்து அனுப்பினேன். அவளிடமிருந்து இரண்டு நாளுக்குப் பதிலே இல்லை.

அந்த வருடக் கடைசியில்தான் புயல். காற்று கிழக்கிலிருந்து வந்தது. நான் வழித்து விட்ட பக்கமாகவே உள்ளே நுழைந்து முப்பது நாற்பது மரத்தைச் சாய்த்துவிட்டது. வேலிகாத்தான் இருந்திருந்தால் தடுத்திருக்குமா? தடுத்திருக்கும் என்கிறான் ஒருவன். அந்தக் காற்றுக்கு மதில் சுவரே நிற்காது என்கிறான் இன்னொருவன். எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அதிகம் உறுத்துகிறது.

சொம்புக்குள் பதினேழு சீட்டு

புயல் நின்ற மறுநாள் காட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே பாதிக் குப்பம் அங்கே நின்றது. அருவாள், கோடாலி, கயிறு. கரன்ட் இல்லை. கேஸ் வண்டி வர ரோடு இல்லை. அடுப்புக்கு விறகு வேண்டும். விழுந்து கிடக்கிற மரத்தை எதற்கு விட வேண்டும்?

நிர்மலா விட வேண்டும் என்பாள். ஆனால் அவளைக் கேட்கவும் வழியில்லை, செல்போன் டவரே சாய்ந்து கிடந்தது.

இரண்டு பேர் ஒரே நாவல் மரத்தின் இரண்டு முனையில் வெட்ட ஆரம்பித்து, நடுவில் வந்து முட்டிக்கொண்டார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேன் ஏறி வேலைக்குப் போகிற இரண்டு பையன்கள் வேறு, அன்றைக்கு வேன் வராததால் வந்து ஆளுக்கொரு பக்கம் சட்டையை மடித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மண்டை உடையும் என்று தெரிந்தது. எனக்குக் கை பரபரத்தது. எதையாவது சரி பண்ண வேண்டும்.

"நிறுத்துங்க," என்று கத்தினேன். "பாடு போட்டுக்கலாம்."

எங்கள் ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பேர். சீட்டு எழுதிக் குலுக்குவோம். எந்த நாள் யாருக்கு விழுகிறதோ அந்த நாளில் அந்த இடம் அவருக்கு. என் நைனா ஒரு தடவை தன் பாடு விழுந்த நாளில் வலை போட்டார். நண்டுகூட வரவில்லை. மறுநாள் அதே இடத்தில் அடுத்த முறைக்காரருக்கு மடவை மீன் வலை கொள்ளாமல் விழுந்தது. நைனா கரையில் நின்று பார்த்தாரே தவிர, தண்ணீரில் கால் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா எதிரில் சட்டியைத் தூக்கி எறிந்தார், அது வேறு கதை.

அதனால் பாடு என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் அடங்கியது. குப்பத்தில் காட்டுப் பக்கமாக இருக்கும் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பதினேழு வீட்டுக்குச் சீட்டு, நாளுக்கு ஒரு வீடு. வழக்கப்படி வீட்டு ஆண் பெயர். அமுலு அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த வீட்டுக்கு மட்டும் அக்கா பெயர். நானே எழுதி, நானே மடித்து, கோயில் சொம்பில் போட்டுக் குலுக்கினேன். 'மெக்கானிக்கு மூளைக்காரன்யா' என்று பஞ்சாயத்தார் ஒருவரே சொன்னார். பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கடைசிச் சீட்டு அக்காவுக்கு விழுந்தது.

பத்தாவது நாளில் டவர் வந்தது. நிர்மலா அழுதுகொண்டே பேசினாள். எல்லாரும் நல்லாருக்கீங்களா, வீடு நிக்குதா என்று கேட்டாள். பிறகு, "வுழுந்த மரத்த யாரும் தொடலியேணா?" என்றாள்.

"தொடல," என்றேன்.

அப்போது கஸ்தூரி அடுப்பில் எரிந்துகொண்டிருந்ததே நர்ஸம்மா காட்டு நாவல்தான்.

அவர் நாள், அவர் இடம்

பதினேழாம் நாள் காலைக்குத் திரும்பி வருகிறேன்.

அமுலு அக்கா குப்பத்து முனையில் இட்லிக் கடை வைத்திருந்தார். காற்றில் கொட்டகை மொத்தமும் போய்விட்டது. அவருக்கு விறகு வேண்டாம். நட்டு வைக்க நாலு கால் வேண்டும். கொட்டகை இல்லாமல் கடை இல்லை, கடை இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இல்லை. பதினேழு நாளாகப் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, வுழுந்ததுக்குத்தான் பாடு போட்டோம்," என்றேன்.

"யாரு சொன்னது? நீ சொன்னியா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. பாடு போட்டுக்கலாம் என்றுதான் சொன்னேன். விழுந்த மரத்துக்கு மட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. அப்போது கண்ணில் பட்டதெல்லாம் விழுந்த மரம்தான், நின்றதை யார் பார்த்தார்கள்?

"ஏரில மீன் இல்லனா அது என் தலயெழுத்து. நான் கேக்க மாட்டேன்," என்றார் அக்கா. "ஆனா எடம் அன்னிக்கு என்னுது. இல்லனு சொல்லு, நான் போயிடறேன்."

இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாடு விழுந்த நாளில் இடம் அவருடையதுதான். நைனா கரையில் நின்றதும் அதற்காகத்தான். பத்திரம் நிர்மலா பேரில் இருக்கிறது. அதுவும் உண்மைதான். எந்த உண்மை பெரிசு என்று கேட்டால், அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

"சவுக்குக் கம்பு வாங்கித் தர்றேன்க்கா. நானே நட்டும் தர்றேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே தப்பாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. "பதினாறு ஆம்பளைங்க வந்து அள்ளிக்கினு போனப்ப நீ இங்கதான நின்ன? ஒருத்தன்கிட்டயாவது சவுக்குக் கம்பு வாங்கித் தர்றேன்னு சொன்னியா? பொம்பளனு எனக்குத் தர்மம் பண்றியா?"

நான் கையைக் காட்டவில்லை. அக்காவும் அதற்குமேல் காத்திருக்கவில்லை. உள்ளே போய், நேராக வளர்ந்த இளம் வேம்பாகப் பார்த்து நாலு மரத்தை வெட்டினார். கண்டமேனிக்கு வெட்டவில்லை. ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்து, அண்ணாந்து பார்த்து, அப்புறம்தான் அருவாளை ஓங்கினார். மூன்றாவது மரத்தை இழுக்கும்போது நானும் போய் ஒரு முனையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. கனமாக இருந்தது, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார், பிடித்தேன்.

மூன்று அடி தள்ளி

மாதக் கடைசி வந்தது. கல்மேல் ஏறி நின்றேன். நாலு வேம்பின் வெட்டுக்கட்டையும் பளிச்சென்று தெரிந்தது. கல்லிலிருந்து இறங்கி மூன்று அடி இடது பக்கம் தள்ளி நின்று போனையும் கொஞ்சம் திருப்பினேன். வெட்டுக்கட்டைகளையும் விழுந்த மரம் காலியான தரையையும் ஈச்சம் புதர் மறைத்துக்கொண்டது. எடுத்து அனுப்பினேன்.

'புயலுக்கு அப்புறமும் இவ்ளோ மரம் நிக்குதே' என்று சந்தோஷமாக எழுதியிருந்தாள். பத்து மாதம் அந்த மூன்று அடி தள்ளித்தான் நின்றேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். ஒவ்வொரு மாதமும் முந்தின மாதத்துப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால் தள்ளிப்போட்டேன். அக்கா கடையில் இட்லி சாப்பிடப் போவதையும் விட்டுவிட்டேன். அந்த வேம்புக் கால்களுக்கு நடுவில் என்னால் உட்கார முடியவில்லை.

நிர்மலா வந்த அன்றைக்கு

வீட்டுக்குக்கூட வராமல் நேராகக் காட்டுக்குத்தான் போனாள். நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். வெட்டுக்கட்டைகள் இருக்கும் இடத்துக்கு அவளாகவே போய்க் குந்தி உட்கார்ந்தாள். நாலு கட்டையிலும் புதுக் கிளை வெடித்து இடுப்பு உயரம் வந்திருந்தது.

"நல்லா துளுத்திருக்குது," என்றாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜேசிபி, சொம்பு, அக்கா, மூன்று அடி, எதையும் விடவில்லை.

"தெரியும்ணா. ஓரத்துல இருந்த பன மரம் திடீர்னு போட்டோவுக்கு நடுவுல வந்து நின்னுச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

 என் வயதுக்கு அப்படி வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவள் ஒரு துளிரைத் தடவிக்கொண்டே, அங்கே அவர்கள் காட்டிலும் ஒரு ஓரத்தில் வருடத்துக்கு ஒரு துண்டாக மரங்களை அடிக்கட்டை மட்டும் விட்டு வெட்டுவார்கள், அது இப்படித்தான் துளிர்க்கும் என்றாள்.

"அப்ப ஒண்ணும் பண்ணாதனு என்கிட்ட சொன்னது?"

"அது வேற," என்றாள். எப்படி வேறு என்று சொல்ல வாயெடுத்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். அவளுக்கும் அது சரியாகத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"பதினேழு சீட்டும் நீதான் எழுதினியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"என் பேரு எழுதினியா?"

கேள்வி எனக்கு உடனே பிடிபடவில்லை. "உனக்கு எதுக்கும்மா சீட்டு? எடமே உன்னுது."

"எழுதினியா இல்லியா?"

"இல்ல."

"எழுதியிருந்தா எனக்குனு ஒரு நாள் வந்திருக்கும்ணா. இன்னிக்கு நிர்மலா பாடு, யாரும் உள்ள போவாதீங்கன்னு நீ சொல்லியிருந்தா ஊரே நின்னிருக்கும். இல்லியா?"

நின்றிருக்கும். பத்திரத்துக்கு நிற்காத ஊர் அதற்கு நின்றிருக்கும். மற்ற பதினேழு பேரும் எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்று அன்றைக்கே பேச்சு வந்திருக்கும். டவர் இல்லை, உன்னைக் கேட்க முடியவில்லை என்று ஏதோ சொல்ல வந்தேன். சீட்டில் பெயர் எழுதுவதற்கு டவர் எதற்கு?

அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டு குப்பத்தைப் பார்த்து நடந்தாள். நான் அங்கேயே நின்றேன். அன்றைக்குக் காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு வீடாக நினைத்து நினைத்து எழுதியவன் நான். ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஒருத்தரும் விட்டுப்போகவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.